விலக்கில் ஏறிய பார்சல்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை டூட்டி. சங்கரன்கோவில் டிப்போவில் பஸ்ஸின் பின்படியில் ஒரே எட்டில் ஏறினேன். டைம் கீப்பர் பார்த்துக்கொண்டே இருந்தார். "கோமதிநாயகம் அண்ணாச்சி, ரிட்டையர் ஆகப்போற ஆளா நீங்க? புதுசா வேலைக்குச் சேந்தவன் மாதிரில்லா ஏறுதிய" என்றார். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சித்திரையில் நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். இரண்டு கம்பியையும் பிடித்து உடம்பை மேலே இழுத்துக்கொள்வேன். தென்காசி டாக்டர் மூட்டைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கேளுங்கள் என்றார். பையைக் கழற்றி வைத்துவிட்டு டிப்போ மூலையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. மேலக்குறிச்சி விலக்கில், ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தில், கடை வைத்திருக்கும் பூரணலிங்கம் வைத்தியர்தான் என்னைக் காப்பாற்றினார். அவருடைய வாத அமுதுப் பொடி, காலையில் ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி. மறுநாளே வலி போன இடம் தெரியவில்லை.

இப்போது டிப்போவில் பாதிப் பேர் அந்தப் பொடிதான் சாப்பிடுகிறார்கள். யார் கேட்டாலும் நான் வைத்தியரிடம் சொல்லிவிடுவேன். தென்காசி போய்த் திரும்புகையில் விலக்கில் பார்சலை முன்வாசலில் ஏற்றிவிடுவார். நான் கொண்டுவந்து அவரவர் கையில் கொடுப்பேன். இதற்காக என்னிடம் மட்டும் அவர் காசு வாங்குவதில்லை. நல்ல மனுஷன்.

உலகம்மாள் என் முகத்தைப் பார்த்து, "கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி உப்பிட்டு. சட்டைக் காலர் கூடப் பொத்தான் மாட்ட மாட்டேங்கு" என்கிறாள். உடம்பு தேறினால் கட்டின பெண்டாட்டிக்கே கண் உறுத்தும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடித்தபசுக் கூட்டம். நாள் முழுக்க நின்றே டிக்கெட் போட்டேன். மூட்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்த எவரையும் எனக்குப் பிடிக்காது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நடுவழியில் ஏறி என் பையைக் குடைந்தவர்கள் எத்தனையோ பேர். இன்றைக்கு வந்தவள் வேறு ரகம்.

விலக்கில் வண்டியை நிறுத்தினால் வைத்தியரைக் காணவில்லை. கடை முன்னால் அரசாங்க ஜீப் நின்றது. டிரைவர் சவரிமுத்து, "போய் என்னன்னு பாத்துட்டு வாரும், வண்டிய ஓரமாப் போடுதேன்" என்றார். அவருக்கும் முதுகுக்குப் பொடி தீர்ந்துபோய் இரண்டு நாள் ஆகிறது.

உள்ளே ஒரு ஒல்லியான பெண், கண்ணாடி போட்டவள், வயது என் மகளைவிட இரண்டு கூட இருக்கும். மருந்து ஆய்வாளர் சுபாஷிணி என்று அட்டையைக் காட்டினாள். வைத்தியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "யாரக் கேட்டு உள்ள வந்திய? வாரண்ட் இருக்கா?" என்று கேட்டார்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "ஆஸ்பத்திரியிலேர்ந்து புகார் வந்திருக்கு. தப்பு நடக்குதுன்னு சந்தேகம் இருந்தா உள்ள வந்து பாக்கவும் மாதிரி எடுக்கவும் சட்டம் எனக்கு அதிகாரம் குடுத்திருக்கு. எடுக்கிறதுக்கு விலை குடுத்துடுவேன், நீங்க ரசீது போட்டாப் போதும்" என்றாள்.

வைத்தியர் அதற்குமேல் தடுக்கவில்லை. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்துக்கொண்டே அலமாரியைக் காட்டினார். அவள் ஒரு டப்பாவைப் பிரித்து, பொடியைப் பங்கு போட்டு, தனித்தனியாகக் கட்டி, மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி முத்திரை வைத்தாள். ஒரு பங்கை வைத்தியரிடமே கொடுத்தாள். நாளைக்கு நீங்கள் மாற்றிவிட்டீர்கள் என்று யாரும் சொல்லக் கூடாதாம்.

என்னைப் பார்த்து, "சார், சாட்சியா ஒரு கையெழுத்துப் போட முடியுமா?" என்றாள். வண்டி நிற்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எதிர்த்த டீக்கடைக்காரர் போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அலமாரியில் இருந்தது எல்லாம் பச்சை லேபிள் ஒட்டிய டப்பா. எங்களுக்கு வருவது லேபிள் இல்லாத வெள்ளை டப்பா. வேண்டியவர்களுக்கென்று தனியாக இடிப்பது. அதை அவளிடம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

டிப்போவில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் என்ன தின்றாலும் வயிறு நிறைவதில்லை. தூக்கமும் சரியாக வருவதில்லை. பை வார் பட்ட தோளில் நீலம் பாய்ந்திருக்கிறது, இடித்துக்கொண்ட ஞாபகமே இல்லை. வெள்ளை டப்பா மறுபடி வர ஆரம்பித்துவிட்டது. இப்போது கடையில் இல்லை, விலக்குக்குக் கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் ஏற்றுகிறார்.

ஆகஸ்ட் 23, சனி

சவரிமுத்துவும் நானும் ஒரே செட்டாக ஓட ஆரம்பித்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நான் விசில் அடிப்பதற்கு முன்னாலேயே எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். என் மகள் கல்யாணத்தில் அவரும் அவர் மனைவி லூர்தம்மாளும்தான் பந்தியில் நின்றார்கள்.

சவரிமுத்துவுக்கு இந்தப் பொடியை வாங்கிக் கொடுத்ததே நான்தான். வேண்டாம் வேண்டாம் என்றவரைச் சண்டைபோட்டுச் சாப்பிட வைத்தேன். இப்போது அவர் ஒரு வேளைக்கு இரண்டு கரண்டி போடுகிறார். "ஒண்ணு போட்டா சாயங்காலம் முதுகு பிடிக்கி வே" என்கிறார். அவர் காலில் செருப்புக் கடித்த புண் ஒன்று ஆறாமல் இருக்கிறது. வீரசிகாமணியில் ஒரு தடவை, சுரண்டையில் ஒரு தடவை வண்டியை நிறுத்திவிட்டு ஒதுங்கப் போகிறார். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தால் போகத்தானே வேண்டும்.

செப்டம்பர் 3, புதன்

சோதனை முடிவு வந்துவிட்டது. பொடியில் ஒரு குற்றமும் இல்லையாம். சுக்கு, மிளகு, அமுக்கரா, இன்னும் என்னென்னவோ மூலிகை, அவ்வளவுதான். வைத்தியர் கடை வாசலில் பெரிய பேனர் கட்டிவிட்டார், "அரசாங்கமே சோதித்தது" என்று.

டிப்போவில் எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். ஏழைபாழை கொஞ்சம் வலி இல்லாமல் இருந்தால் இந்த அதிகாரிகளுக்குப் பொறுக்காது என்று சொன்னேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். சவரிமுத்து மட்டும், "வே, அவ எடுத்தது பச்ச டப்பாலா" என்றார். பொடி பொடிதானே வே என்று அவரை அடக்கிவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

தென்காசியில் அந்தப் பெண் ஏறினாள். ஜீப் இல்லை, கூட ஆளும் இல்லை. சங்கரன்கோவிலுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தாள். டிக்கெட் கொடுக்கும்போதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போய், புளியமரத்தடி வருவதற்குள் சவரிமுத்துவுக்குத் தகவல் சொல்ல வழி இல்லை. அவர் வழக்கம்போல நிறுத்தினார். பை ஏறிவிட்டது.

கூட்டம் குறைந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அந்தப் பையில என்ன சார்?"

"ஊறுகாய். வீட்டுக்கு."

"உங்களுக்கு எத்தனை நாளா முகம் இப்படி இருக்கு?"

என் முகம் என் இஷ்டம், நீங்கள் டிக்கெட் வாங்கின பயணி, உட்காருங்கள் என்றேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

"உங்க பையைத் திறந்து பாக்கிற அதிகாரம் எனக்கு இருக்கு. இப்போ திறந்தா இவ்வளவு ஜனத்துக்கு முன்னாடி உங்களுக்குத்தான் அவமானம். நீங்களா வந்து சொன்னா நல்லது. ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. நான் நினைக்கிறது சரியா இருந்தா, இதைத் திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து. சாப்பிடற எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் நம்பரை ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள்.

பயமுறுத்துகிறாள். டிக்கெட்டைக் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். பர்ஸில் இருக்கிறது.

செப்டம்பர் 11, வியாழன்

வைத்தியர் ஊரில் இல்லை. அதிகாரிகள் அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். கழுவிக் கவிழ்த்த மிக்ஸி ஜார்களும் ஈரத் தரையும்தான் இருந்ததாம். யாரோ முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பை ஏறிய அன்று ராத்திரி நான் அவருக்குப் போன் செய்தது உண்மைதான். பழகின மனுஷனுக்கு ஒரு வார்த்தை சொல்வது தப்பில்லை.

கடையில் இருக்கும் எதையும் விற்கக் கூடாது என்று கதவில் ஒட்டியிருக்கிறார்கள். டிப்போவில் எல்லோரும் என்னைச் சுற்றி வந்து கேட்கிறார்கள். கடைசியாக வந்த பையில் இருந்ததைப் பங்கிட்டாயிற்று.

செப்டம்பர் 14, ஞாயிறு

சவரிமுத்து வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார். "வே, ஒரு டப்பா எங்கயாவது கிடைக்குமா? பாதி இருந்தாலும் போதும். முந்தாநாளு தீந்துட்டு. கை காலெல்லாம் விட்டுப்போன மாதிரி இருக்கு வே."

"இல்லையே வே" என்றேன்.

அவர் இரண்டு கரண்டி போடுகிற ஆள். கொடுத்தால் நாலு நாளில் காலி செய்துவிடுவார். இந்த மாதிரிப் பொருளைச் சிக்கனமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நான் இப்போது அரைக் கரண்டிதான் போடுகிறேன். உலகம்மாள் காபி கொண்டுவந்தாள், அவர் குடிக்காமலே போய்விட்டார்.

செப்டம்பர் 17, புதன்

சவரிமுத்து வண்டியை உருட்டுகிறார். பின்னால் வந்த தனியார் பஸ் எல்லாம் முந்திப் போயிற்று. பயணிகள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். சேர்ந்தமரத்தில் இறங்கி வாந்தி எடுத்தார். லீவு போடும் வே என்றேன். லீவு இல்லை என்றார். பித்தமாக இருக்கும்.

செப்டம்பர் 19, வெள்ளி

டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு இறங்கியவர் படியிலேயே சரிந்துவிட்டார். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. உடம்பெல்லாம் வேர்த்து ஜில்லென்று இருந்தது. ஆம்புலன்சில் நானும் ஏறினேன். திருநெல்வேலி போகும்வரை அவர் கையை விடவில்லை. கர்த்தர் காப்பாற்ற வேண்டும், கோமதி அம்மன் காப்பாற்ற வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

தீவிர சிகிச்சையில் இருக்கிறார். சர்க்கரை எக்கச்சக்கம், இரத்த அழுத்தம் தரைக்குப் போய்விட்டது, காலில் புண் சீழ் பிடித்திருக்கிறது. டாக்டர் வெளியே வந்து, என்ன மருந்து சாப்பிட்டார், எதையாவது திடீரென்று நிறுத்தினாரா என்று கேட்டார்.

லூர்தம்மாள் என்னைப் பார்த்து, "அண்ணன், அந்தப் பொடி பேரு என்ன? எவ்வளவு போட்டாவ? ஒங்களுக்குத்தான தெரியும், சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

டாக்டர் சொன்னார், "ஸ்டீராய்டு கலந்திருக்கும், அது திடீர்னு நின்னதாலதான் இப்படின்னு நினைச்சு அதையே ஊசியாப் போட்டிருக்கோம். ஆனா என்ன மாத்திரையைப் பொடிச்சுப் போட்டாங்க, எவ்வளவு, கூட வேற என்ன கலந்தாங்கன்னு தெரியல. கிட்னியும் அடி வாங்கியிருக்கு. அந்தப் பொடியில கொஞ்சம் கிடைச்சாக்கூடப் பரிசோதனைக்கு அனுப்பிடலாம்."

"எங்க வீட்டு டப்பாவ நான் கழுவி உப்புப் போட்டு வச்சிட்டேனே" என்று லூர்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணன், டிப்போவுல யாருகிட்டயாவது இருக்குமா?"

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சாரல். ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

இன்றும் போகவில்லை. லீவுக்குச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். டப்பா முதலில் பீரோவில் இருந்தது, பிறகு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன், இப்போது மறுபடி பீரோவில். கொஞ்சம்தான் இருக்கிறது. அது தீர்ந்தால் எனக்கு என்ன ஆகும்? அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று கேட்பார்கள். பஸ்ஸில் நான் கொண்டுவந்தது தெரிந்தால் வேலை போகும், ஓய்வூதியமும் போகலாம்.

உலகம்மாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "பீரோவத் தொறந்தா மருந்து வாடை அடிக்கி. நான் ஒண்ணும் கேக்கல. ஆனா லூர்து போன் பண்ணினா, அண்ணன் ஏன் வரலன்னு. அவகிட்ட நான் என்ன சொல்ல?"

சோற்றில் கை வைத்தேன். பசித்துக்கொண்டேதான் இருந்தது, ஆனால் சாப்பிடாமல் கையைக் கழுவிவிட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

போனேன். சவரிமுத்து கண் விழித்துவிட்டார். பொது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இனிமேல் கிளட்ச் மிதிக்க முடியாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. போர்வையை அந்த இடத்தில் மட்டும் இழுத்து மூடியிருந்தார்.

நான் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஆய்வாளர் சுபாஷிணி வந்தார், வாக்குமூலம் எழுத. என்னையும் ஒரு பார்வை பார்த்தார். சவரிமுத்துவிடம் கேட்டார், "பொடி உங்களுக்கு யார் மூலமா வந்தது?"

"நானே கடையில இறங்கி வாங்கினேன்மா."

"பச்சை லேபிள் போட்டதா?"

"ஆமா."

"அதுல ஒண்ணுமே இல்லன்னு முடிவு வந்திருக்கே. பஸ்ஸில யாரும் கொண்டுவந்து குடுக்கலையா?"

சவரிமுத்து என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லம்மா. யாரும் குடுக்கல" என்றார்.

ஆய்வாளர் அதை எழுதிப் படித்துக் காட்டினார். அப்படியானால் கடைக்கும் இதற்கும் தொடர்பு சொல்ல ஆதாரம் இல்லை, கதவில் ஒட்டியதையும் எடுக்க வேண்டி வரும், வைத்தியர் திரும்பி வந்து கடையைத் திறப்பார் என்றார். சவரிமுத்து கையெழுத்துப் போட்டார்.

ஆய்வாளர் போனதும் சவரிமுத்து என் கையைத் தட்டி, "ரிட்டையர்மெண்டு நேரத்துல ஒமக்கு எதுக்கு வே வம்பு" என்றார். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

செப்டம்பர் 24, புதன்

டிக்கெட்டுக்குப் பின்னால் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஆய்வாளர் அலுவலகத்துக்கே வரச் சொன்னார். டப்பாவைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோனேன்.

திறந்த டப்பா என்பதால் கடையில் முத்திரை வைத்து எடுத்த மாதிரியைப் போல நீதிமன்றத்தில் நிற்காது என்றார். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று சோதித்து டாக்டருக்குச் சொல்லலாம், என் வாக்குமூலமும் சேர்ந்தால் வைத்தியரைத் தேடச் சொல்லிப் போலீசுக்கு எழுதலாம். அன்றைக்குப் போலவே மெழுகுவத்தி, அரக்கு, முத்திரை. இந்த முறை நான் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு கேட்டார், "இதை நீங்க சாப்பிட வாங்கினீங்களா, மத்தவங்களுக்குக் கொண்டுபோய்க் குடுத்தீங்களா?"

"ரெண்டும்."

பேனாவை நிறுத்தினார். "யோசிச்சுச் சொல்லுங்க சார். வாங்கிச் சாப்பிட்டவர்னா நீங்க பாதிக்கப்பட்ட ஆள், சாட்சி. கொண்டுபோய்க் குடுத்தவர்னா உங்க மேலயும் விசாரணை வரும். உங்க நிர்வாகத்துக்கும் நான் எழுதியாகணும். மறைக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"ரெண்டும்னே எழுதுங்கம்மா. வைத்தியருக்குப் போன் பண்ணி எச்சரிச்சதும் நான்தான். அதையும் எழுதுங்க."

கடைசியாக இந்த டப்பா எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று கேட்டார். புளியமரத்தடியில் ஏறின கடைசிப் பையில் வந்தது என்றேன். அவருக்கு நாள் ஞாபகம் இருந்தது. அவரும் அந்த பஸ்ஸில்தானே இருந்தார். எழுதினார். டிப்போவில் யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று எல்லோர் பெயரையும் சொன்னேன். அவர்களை ஆஸ்பத்திரிக்கு வரவழைக்க உடனே ஏற்பாடு செய்தார். என்னையும் அங்கேயிருந்தே அனுப்பினார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். எனக்கும் சர்க்கரை இருக்கிறதாம்.

படி இறங்கும்போது மூட்டு வலித்தது. வலிக்கட்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

என் வாக்குமூலத்தை வைத்துச் சவரிமுத்துவை மறுபடி விசாரிப்பார்கள். அவர்கள் வாயால் அவர் கேட்கக் கூடாது என்று நானே போனேன்.

லூர்தம்மாள் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "வாங்க அண்ணன், நல்ல நேரத்துல வந்திய. டாக்டருக்குப் பொடி கிடைச்சிட்டாம். யாரோ புண்ணியவான் கொண்டாந்து குடுத்திருக்காவ" என்றாள்.

நான்தான் என்றேன். அவள் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு என்னைக் கொன்றுவிட்டது. முழுதையும் சொன்னேன். யார் கொண்டுவந்த பொடி, எந்தப் பையில் வந்தது, யாருக்குப் போன் செய்தேன், எல்லாம். சவரிமுத்து கஞ்சியை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை ஒம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னேனே வே. அன்னைக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெண் பஸ்ஸில் எச்சரித்ததைச் சொல்லியிருப்பேன், பொடி கொடுத்தாலும் கெடுதல்தான் என்று ஏதாவது பேசியிருப்பேன். அது உண்மையும்கூட. ஆனால் நான் கொடுக்காமல் வைத்துக்கொண்டது அதற்காக இல்லை, எனக்கு வேண்டும் என்பதற்காக. அது அவருக்கும் தெரியும். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

லூர்தம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பாக்குற நேரம் முடிஞ்சிட்டு" என்றாள். "நீங்க கெளம்புங்க சார்."